துறைப்பாட்டுக்கு இரண்டு உரைகள்

பிறிஜெற் மிஸ் யாரையும் மன்னித்ததாக எனக்கு நினைவில்லை. கோட்டையில் இருந்த எங்கள் கப்பல் முகவர் கந்தோரில் இருபத்தேழு வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

1994இல் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அவருக்கு முப்பத்து நான்கு. நான் மாளிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே வருவார். சரக்குப் பத்திரங்களைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. எத்தனை பெட்டி, எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று நாள் முழுக்க வாசிப்பார். ஓர் எழுத்து இடம் மாறியிருந்தாலும் அவர் பென்சில் அதில் போய் நிற்கும். மனேஜர்கூட அவரிடம் ஒரு கடிதத்தைக் காட்டாமல் கையெழுத்து வைக்கமாட்டார்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எல்லோரும் கதைத்துக்கொண்டிருக்க, அவர் சோற்றுப் பார்சலை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பார். சேர்ந்த இரண்டாம் கிழமையே நான் கேட்டுவிட்டேன்.

"என்ன மிஸ் எழுதுறீங்க?"

"உரை."

"என்னத்துக்கு உரை?"

"ஆயிரத்தைந்நூறு, ஆயிரத்து அறுநூறு வருசத்துக்கு முந்தி ஆரோ ஒருத்தன் எழுதின பாட்டுக்கு."

தமிழ்ப் பாட்டாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். லத்தீன். ஒரு சொல் விளங்கவில்லை.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் லத்தீன் தொடங்கி, மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கத்தையும் சேர்த்துப் படித்தவர் அவர். அந்த வருடம் அந்தப் பாடத்தை எடுத்தவர்கள் மூன்றே பேர். முதல் வகுப்பில் தேறியவர் இவர் ஒருவர்தான். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த மாதம் தாயாருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது. பிறிஜெற் மிஸ் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த இடம் இரண்டாவதாக வந்தவருக்குப் போயிற்று. அவர் பெயர் தனஞ்சயன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளவத்தையில் வீடு.

மிஸ் உரை எழுதிக்கொண்டிருந்த அந்தப் பாட்டு எழுநூற்றுச் சொச்சம் அடி. எந்தக் காற்றில் பாய் விரிப்பது, எந்தத் துறையில் நங்கூரம் போடுவது என்று சொல்லிக்கொண்டு போகும். எழுதியவன் பெயர் தெரியாது. உலகத்தில் மொத்தம் இரண்டு கையெழுத்துப் பிரதிகள்தான் மிஞ்சியிருக்கின்றன, இரண்டும் ஐரோப்பாவில். நாங்கள் கந்தோரில் அதைத் 'துறைப்பாட்டு' என்று சொல்வோம். அந்தப் பெயரை வைத்ததே மிஸ்தான்.

உரை எழுதுவது என்றால் அர்த்தம் எழுதுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. ஓர் அடியை எடுத்தால், அந்தச் சொல் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது, பிரதி எழுதியவன் கை எங்கே சறுக்கியிருக்கலாம், முன்னம் படித்தவர்கள் எதைத் திருத்தினார்கள், திருத்தியது சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சில அடிகளுக்கு ஒரு வரிக் குறிப்பு. சில அடிகளுக்கு ஆறு மாதம்.

2003இல் அவருடைய தம்பி அன்ரன் வேலை செய்த சரக்குக் கப்பல் கடலில் மூழ்கிப்போனது. உடல் கிடைக்கவில்லை. செய்தி எங்கள் கந்தோர் தொலைபேசிக்குத்தான் வந்தது. மிஸ் அழவில்லை. மூன்றாம் நாள் வேலைக்கு வந்தார். அந்த வருடம் முழுக்க அவர் ஒரே ஓர் அடியில் நின்றார். அதில் 'இந்த்ரத்' என்று ஒரு சொல் வரும். 'நுழைகிறது' என்று அர்த்தம். பாட்டின் தொடக்கத்தில் பல கப்பல்கள் புறப்படும்; இந்த அடியில் ஒன்றுதான் துறைக்குள் நுழையும். மற்றவை எங்கே? புலவன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவனுடைய துக்கம் என்று மிஸ் இரண்டு பக்கம் எழுதினார். அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

2008இல் தனஞ்சயன் விடுமுறையில் வந்தார். அப்போது அவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளர். கந்தோருக்கே வந்து மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கொப்பிகளைப் புரட்டினார். வெள்ளைச் சேட்டு, மெல்லிய குரல். பக்கத்தைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியதை நான் கண்டேன். அதை மதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"பிறிஜெற், நீர் செய்து வைச்சிருக்கிறது சின்ன வேலையில்லை. இதை உலகம் பாக்க வேணும். தாரும், நான் கொண்டுபோய்ப் பதிப்பகத்தில குடுக்கிறன்."

பதினொரு கொப்பிகளையும் பக்கத்துக் கொமினிகேஷன் கடையில் மிஸ்ஸே நின்று போட்டோப் பிரதி எடுத்துக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பதிப்பகத்தார் ஆர்வம் காட்டவில்லையாம். மனம் தளர வேண்டாமாம். மிஸ் அதை நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் பன்னிரண்டாவது கொப்பியை எடுத்தார்.

2014இல் அந்த இரண்டு பிரதிகளையும் வைத்திருந்த நூலகங்கள் அவற்றைப் படம்பிடித்து இணையத்தில் போட்டன. அதுவரை மிஸ் பார்த்ததெல்லாம், நூறு வருடத்துக்கு முந்திய பதிப்பு ஒன்றில் யாரோ எடுத்து எழுதியிருந்த பாடங்களைத்தான். ஒரு பகல் நேரம் எங்கள் கந்தோர்க் கம்பியூட்டரில் அந்தத் தாளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அசையாமல் இருந்தார்.

"என்ன மிஸ்?"

"இதில பார். இந்த எழுத்துக்கு மேல."

மயிரிழை போல ஒரு கோடு. அந்தக் கோடு இருந்தால் நடுவில் ஒரு 'ன்' சேர்த்து வாசிக்க வேண்டுமாம். 'இந்த்ரத்' இல்லை, 'இந்த்ரன்த்'. நுழைகிறது இல்லை, நுழைகின்றன. ஒரு கப்பல் இல்லை. எல்லாக் கப்பல்களும் சேர்ந்துதான் வருகின்றன. பழைய பதிப்பாசிரியர் அந்தக் கோட்டைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். இவர் அவரை நம்பியிருக்கிறார்.

"பிழை," என்றார் மிஸ். "என்ர பிழை."

லாச்சியிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, அன்ரனுக்காக எழுதிய அந்த இரண்டு பக்கத்தையும் மூலைக்கு மூலை வெட்டினார். அப்படி அந்த வருடம் அவர் தன்னுடைய முதல் பதினொரு கொப்பிகளில் வெட்டியது இருபத்து மூன்று.

நாலு வருடம் போயிற்று. 2018 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பத்திரிகையில் ஒரு சின்ன அழைப்பு வந்திருந்தது. லத்தீன் நூல் ஒன்றுக்கு நம்மவர் ஒருவர் எழுதிய பேருரை, வெளிநாட்டுப் பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது, வெள்ளவத்தையில் அறிமுக விழா. மிஸ் அந்தத் துண்டை வெட்டிக்கொண்டு திங்கட்கிழமை வந்தார்.

"ரிஸ்னா, சனிக்கிழமை பின்னேரம் என்னோட வெள்ளவத்தைக்கு வாறியா?"

கோட்டையிலிருந்து ரயிலில் போனோம். கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஒரு சின்ன மண்டபம். குத்துவிளக்கு, மாலை, முன்வரிசையில் ஓய்வுபெற்ற பெரியவர்கள். ஒரு பேராசிரியர் எழுந்து, இந்த உரையிலேயே தன் மனத்தை உருக்கிய பகுதி என்று சொல்லி, ஒரு குறிப்பைத் தமிழாக்கி வாசித்தார். தனியே நுழையும் கப்பல். மற்றவை எங்கே? புலவன் சொல்லவில்லை.

மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். விரல் நுனி வெளிறும்வரை சுற்றினார்.

கூட்டம் முடிந்து புத்தகம் வாங்கியவர்கள் தனஞ்சயனிடம் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றார்கள். மிஸ்ஸும் நின்றார். தனஞ்சயன் நிமிர்ந்து பார்த்தவர் ஒரு கணம் பேனையை மூடினார். பிறகு சிரித்தார்.

"அட பிறிஜெற்! வந்தது நல்ல சந்தோசம். நன்றியுரையில உம்மட பேரும் போட்டிருக்கிறன், பாத்தனீரே?"

"இனித்தான் பாக்க வேணும்."

அவர் முதல் பக்கத்தில், 'பிறிஜெற்றுக்கு, பழைய நட்புடன்' என்று எழுதிக் கொடுத்தார். ரயில் மேடையில் நின்று மிஸ் நன்றியுரையை விரித்தார். கடைசி வரி: ஆரம்பக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து உதவிய கொழும்பு செல்வி பி. மரியதாஸ்.

வாழ்நாளில் மிஸ் தட்டச்சுப் பொறியைத் தொட்டதே கிடையாது.

"உரையை எடுத்தான், சரி," என்றார். ரயில் வந்து நின்றது, அவர் ஏறவில்லை. "அன்ரனையும் எடுத்துப்போட்டான், ரிஸ்னா. என்ர தம்பியைத் தன்ர பேரில போட்டு, அதுக்குக் கைதட்டும் வாங்கிப்போட்டான்."

அடுத்த நாளே நான் கொதித்துக்கொண்டு மிஸ் வீட்டுக்குப் போனேன். "கொப்பியெல்லாம் ஒங்கட கையில ஈக்குதே மிஸ். ஒரு லோயரப் புடிச்சுக் காட்டுங்க. அந்தாளு எங்கயும் தல காட்ட ஏலாமப் பண்ணுங்க."

"காட்டினா என்ன நடக்கும்? மன்னிப்புக் கேப்பான். ரெண்டாம் பதிப்பில அவன்ர பேருக்குக் கீழ என்ர பேரும் வரும். பெருந்தன்மையான மனிசன் எண்டு அதுக்கும் ஒரு விழா வைப்பாங்கள்." பென்சிலைச் சீவினார். "எனக்கு என்ர பேர் வேண்டாம். எனக்கு அவன்ர பேர்தான் வேணும்."

அந்த மாதம் முழுக்க அவர் புத்தகத்தைத் தன்னுடைய கொப்பிகளோடு வைத்து வரி வரியாகப் பார்த்தார். முன்னுரையில் ஓர் இடத்துக்கு வந்ததும் சிரித்தார். பிறிஜெற் மிஸ் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். அந்த இடத்தில் தனஞ்சயன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இரண்டு பிரதிகளையும் நான் நேரில் பார்த்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டிருக்கிறேன்.

பார்க்கவேயில்லை. நேரில் வேண்டாம், இணையத்தில்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தக் கோடு தெரிந்திருக்கும். 2008இல் மிஸ் கொடுத்த போட்டோப் பிரதியில் இருந்த இருபத்து மூன்று பிழைகளும் அந்த விலையுயர்ந்த தாளில் அப்படியே அச்சாகியிருந்தன.

மிஸ் ஒரு மதிப்புரை எழுதத் தொடங்கினார். பதினான்கு மாதம் எடுத்தது. இருபத்து மூன்றில் மறுபேச்சுக்கு இடமில்லாத பதினொன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். முதலில் தனஞ்சயனுடைய குறிப்பு. அதன் கீழே பிரதியின் படம். அதன் கீழே ஒரே வாக்கியம்: ஆசிரியர் இந்தப் பிரதியைப் பார்த்திருந்தால் இதைக் கண்டிருப்பார். பதினொரு தடவையும் அதே வாக்கியம், ஒரு சொல் மாறாமல்.

"கொஞ்சம் காரமா எழுதுங்க மிஸ். கள்ளன் எண்டு ஒரு எடத்திலயாவது போடுங்க."

"கள்ளன் எண்டா மன்னிப்பாங்கள். கள்ளனுக்குக் கெட்டித்தனம் வேணும். இவன் வாசிக்காதவன். எங்கட தொழிலில அதுக்கு மன்னிப்பு இல்ல."

தனியே நுழையும் கப்பலுக்கு வந்தபோது மூன்று கிழமை எழுதாமல் இருந்தார். அந்த விளக்கத்தை உடைப்பதற்கு அவர் தன்னையே உடைக்க வேண்டும். கடைசியில் ஒரு பகல் ஒரே இருப்பில் எழுதி முடித்தார். 'அழகான விளக்கம். ஆதாரம் இல்லை. எழுதியவருக்கு இருந்த சொந்த ஆசையைப் புலவன்மேல் ஏற்றியிருக்கிறார்' என்று அதில் இருந்தது. எனக்கு வாசித்துக் காட்டும்போது அவர் குரல் தடுமாறவில்லை. நான்தான் போதும் என்றேன்.

மதிப்புரை போன வெளிநாட்டுச் சஞ்சிகையின் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டு எழுதினார். உங்களுக்கும் நூலாசிரியருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? மிஸ் பதில் போட்டார்: ஒரே வகுப்பில் படித்தோம். அவருடைய நன்றியுரையில் தட்டச்சு செய்தவராக என் பெயர் இருக்கிறது. இரண்டுமே சொல்லுக்குச் சொல் உண்மை.

2020இல் ஊரடங்கு நாட்களில் மதிப்புரை வெளிவந்தது. அந்தத் துறையில் ஆட்கள் குறைவு. எல்லோரும் எல்லோரையும் வாசிப்பார்கள். இரண்டு மாதத்துக்குள் வேறு இரண்டு பேர் மீதிப் பிழைகளையும் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். பதிப்பகம் விற்பனையை நிறுத்தியது. பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டு, எந்தத் தேதியில் எந்த நூலகத்துக்குப் போனீர்கள் என்று கேட்டது. வீட்டிலிருந்து மூன்று மணி நேர ரயில் பயணத்தில் இருந்த நூலகத்துக்கு அவர் ஒருநாளும் போகவில்லை. அடுத்த வருடம் வரவிருந்த பேராசிரியர் பதவி வரவில்லை. அவராகவே விலகிக்கொண்டார்.

அந்தச் செய்தி வந்த கிழமையில்தான் மிஸ் எங்கள் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்றார். பெரிய பெட்டி நிறைய லவ் கேக் கொண்டுவந்து மேசை மேசையாகக் கொடுத்தார். பிரியாவிடைக் கேக் என்றுதான் எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு அது எதற்கு என்று தெரியும். இரண்டு துண்டு எடுத்தேன். ஆனாலும் இரண்டாவதைச் சாப்பிடவில்லை. அந்த மனிதருக்கும் ஒரு வீடு வாசல் இருக்குமே என்று நினைத்தேன், சொல்லவில்லை.

2022இல் நாடெங்கும் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசை. ஒரு ஞாயிறு காலை எங்கள் வீட்டில் காஸ் முடிந்துபோய், கரன்ட் போவதற்குள் மிஸ்ஸின் மின்சார அடுப்பில் சோறு ஆக்கிக்கொள்ளலாம் என்று அரிசியோடு கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். மிஸ் பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. கதவு தட்டப்பட்டது. தனஞ்சயன் நின்றார். த்ரீவீல் கிடைக்காமல் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, மிச்சத்தூரம் நடந்திருந்தார். வெள்ளைச் சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது. நாட்டுக்கே திரும்பி வந்து தமக்கை வீட்டில் இருக்கிறாராம்.

மிஸ் அவரை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு எதிரே உட்கார்ந்தார்.

"பிறிஜெற், நான் செய்தது பிழை," என்றார் தனஞ்சயன். "அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"சொல்லியாச்சு."

"இன்னும் ஒண்டு கேக்க வேணும். நீர் ஒரு கடிதம் எழுதித் தாரும். அந்தக் குறிப்புகள் உம்மட எண்டும், பிரதிகளை நீர்தான் பார்த்தனீர் எண்டு நான் நம்பினனான் எண்டும். அப்பிடியெண்டா நான் வேணுமெண்டு பொய் சொல்லேல்ல எண்டு ஆகும். பதிப்பகமும் ரெண்டாம் பதிப்புக்கு வரும். உம்மட பேர்தான் முதல்ல. நான் எழுதியே தாறன்."

நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். தந்துவிடுங்கள் என்று ஒரு மனம். தராதீர்கள் என்று ஒரு மனம்.

"எந்தக் குறிப்புகள்?" என்றார் மிஸ்.

"என்ன பிறிஜெற்? உம்மட பதினொரு கொப்பி."

"நான் தட்டச்சு செய்தனான் எண்டுதானே புத்தகத்தில கிடக்குது. தட்டச்சு செய்தவள் எப்பிடிக் கடிதம் எழுதுறது?"

தனஞ்சயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னை அறிவில்லாதவன் எண்டு உலகம் முழுக்கச் சொல்லுறாங்கள். களவெடுத்தவன் எண்டு சொன்னாலும் பரவாயில்லை. படிக்காதவன் எண்டு சொல்லுறாங்கள், பிறிஜெற்."

"ஓம். வாசிச்சனான்."

"அந்தக் கப்பல் குறிப்பு…" அவர் குரல் இறங்கியது. "உண்மையைச் சொல்லுறன். பிரதியைப் போய்ப் பாக்க எனக்குப் பயமா இருந்தது. பாத்தால் அது பிழைச்சுப் போகுமோ எண்டு. அதைக் கழிக்க எனக்கு மனம் வந்திருக்காது."

"நான் கழிச்சனான்!" மிஸ் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "என்ர தம்பி அவன். நான் கழிச்சனான். கண்டவுடன கழிச்சனான். சிவப்புப் பேனையால!"

தனஞ்சயன் மெதுவாகத் தலை நிமிர்ந்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"அப்ப கொப்பி இருக்குது."

மிஸ் திரும்பவும் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை மடியில் நேராக்கினார்.

"எந்தக் கொப்பி?" என்றார்.

அதற்குப் பிறகு தனஞ்சயன் அதிக நேரம் இருக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். மிஸ் ஜன்னலால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து, சோறு அடிப்பிடிக்கிறது என்றார். அன்று பின்னேரம் அவர் பாடிக்கொண்டு துணி மடித்ததையும் நான் சொல்லத்தான் வேண்டும். சந்தோசமாக இருந்தார். பச்சைச் சந்தோசம்.

விலை பிறகுதான் வந்தது. இருபத்தொரு கொப்பியாக வளர்ந்திருந்த மிஸ்ஸின் உரை ஒரு சின்னப் பதிப்பகத்துக்குப் பிடித்துப்போனது. எழுத்துப்படியைப் பரிசீலித்தவர் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். பாட்டின் நடுவில் 'ஈயம் மணலைச் சொல்லும்' என்று பொருள்படும் ஓர் அடி வரும். ஈயமாவது சொல்வதாவது என்று முந்தியவர்கள் ஈயத்தைத் தூக்கிவிட்டு 'மாலுமி' என்று திருத்தியிருந்தார்கள். திருத்தத் தேவையில்லை என்று கண்டுபிடித்தவர் பிறிஜெற் மிஸ். தொண்ணூற்றேழிலோ தொண்ணூற்றெட்டிலோ கந்தோருக்கு வந்த, கப்பல்களைத் துறைக்குள் ஓட்டிவரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பைலட் ஒருவரிடம் தேத்தண்ணி கொடுத்துக் கேட்டதை நானே பார்த்தேன். ஆழம் பார்க்கும் ஈயக் குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் கொழுப்பு அப்பி இறக்குவார்கள், மேலே வரும்போது அதில் மணலோ சேறோ ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துத்தான் நங்கூரம் போடுவது என்று அவர் கையால் காட்டினார். ஈயம் சொல்லத்தான் செய்யும். அந்த உரை முழுவதிலும் மிஸ்ஸுக்கு ஆகப் பெருமையான குறிப்பு அது.

அது தனஞ்சயனுடைய புத்தகத்திலும் இருந்தது. பிழையில்லாத குறிப்பு, அதனால் எல்லோரும் அதை அவர் பெயரில் எடுத்தாண்டுகொண்டிருந்தார்கள். பரிசீலித்தவர் கேட்டது நியாயம்: இதை முதலில் அச்சில் சொன்னவர் தனஞ்சயன், அவர் பெயரைப் போடுங்கள்.

"போட வேணாம் மிஸ்! ஒங்கட சொந்தச் சாமான். இப்பயாவது அந்தக் கொப்பியக் காட்டுங்க."

"காட்டினா மற்றதும் என்ர எண்டு ஆகும். இருபத்து மூண்டு பிழையும்."

"ஆனா என்ன? நீங்க திருத்தினீங்கதானே."

"அவன் திருத்தேல்ல. அந்தப் பாரம் அவன்ர தலையில இருக்க வேணும்."

அவர் எழுதினார். நான் பக்கத்தில் இருந்தேன். 'இவ்வடியைச் சரியாக விளக்கியவர் தனஞ்சயன்.' எழுதி முடித்துப் பென்சிலை வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. 2024இல் புத்தகம் வந்தது. நூற்றிருபது பிரதி. அட்டையில் அவர் பெயர் மட்டும்தான். விழா எதுவும் வைக்கவில்லை. எனக்கு ஒன்று தந்தார்; எனக்கு அதில் முழுதாக விளங்கியது அவருடைய பெயர்தான்.

போன வருடம் அதே சஞ்சிகையில் அந்தப் புத்தகத்துக்கு ஒரு மதிப்புரை வந்தது. எழுதியவர் தனஞ்சயன், கொழும்பு. மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கொதித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துத்தான் ஓடினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பியூட்டருக்கு முன்னால் அமைதியாக இருந்தார். தனஞ்சயன் ஏழு பிழை காட்டியிருக்கிறாராம். முதலில் மிஸ்ஸுடைய குறிப்பு, அதன் கீழே பிரதியின் படம், அதன் கீழே இரண்டு வரி விளக்கம்.

"ஏழில எத்தின சரி மிஸ்?"

"அஞ்சு."

"யா அல்லாஹ்."

"கடைசியா அவன் பிரதியைப் பாத்திருக்கிறான்," என்றார் மிஸ். அதில் கசப்பு இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "எழுத்தெழுத்தாப் பாத்திருக்கிறான். நூற்றுப் பதினாறாம் அடியில ஒரு புள்ளி. நான் அதைக் காணேல்ல."

"அப்ப விட்டுடுங்களன் மிஸ். ரெண்டு பேருக்கும் அறுபத்தஞ்சு ஆச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

"அஞ்சை ஒப்புக்கொண்டு எழுதப்போறன்," என்றார். "மற்ற ரெண்டில அவன் பிழை."

கீழே தெருவில் ஒரு த்ரீவீல் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தது. மிஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து எழுத உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.